எட்டு ஃபேடரா, நாலு மைக் ப்ரீஆம்பா? வீட்டு ஒலிப்பதிவுக்கு எதை முதலில் வாங்குவது

நீங்கள் கேட்டதன் சாரம் இது: மாடியில் ஓர் அறை, விண்டோஸ் லேப்டாப், ஒலிப்பதிவு மென்பொருள் ரீப்பர். மனைவி பாடுவார், நீங்கள் வீணை, மகன் மிருதங்கம். எட்டு ஃபேடரும் (ஒலி அளவை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் பிடி) மைக் இணைப்புகளும் சேர்ந்த ஒரே பெட்டியாக வாங்கலாமா, அல்லது கன்ட்ரோல் சர்ஃபேஸ் தனி, ஆடியோ இன்டர்ஃபேஸ் தனி என்று போகலாமா? எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

தனித்தனியாக வாங்குங்கள். இன்டர்ஃபேஸை இப்போதே வாங்கலாம், நாலு மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் ஒலியைப் பெரிதாக்கும் பகுதி) உள்ளதாக. கன்ட்ரோல் சர்ஃபேஸை நாலைந்து பாட்டு மிக்ஸ் செய்து பார்த்த பிறகு யோசிக்கலாம். அப்போதும் எட்டு ஃபேடர் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். மோட்டார் வைத்த ஒற்றை ஃபேடர் உங்கள் வேலைக்குப் போதும்.

இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதால் ஒரே ஜாதி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இன்டர்ஃபேஸ் வழியாகத்தான் ஒலி போகிறது. மைக்கின் மெல்லிய மின்சாரத்தைப் பெரிதாக்கி, எண்களாக்கி, கணினிக்கு அனுப்பி, திரும்பி வருவதை ஹெட்ஃபோனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுப்பது அது. கன்ட்ரோல் சர்ஃபேஸ் வழியாக ஒலி போவதே இல்லை. அது மிக்சர் மாதிரி தெரிந்தாலும், உள்ளே நடப்பது ஒன்றுதான்: "மூன்றாவது ட்ராக்கை இவ்வளவு ஏற்று" என்று மென்பொருளுக்குச் செய்தி அனுப்புவது. அதனால் மலிவான சர்ஃபேஸ் வாங்கினால் பதிவின் தரம் கெடாது, விலையுயர்ந்ததை வாங்கினால் தரம் கூடாது. கையிருப்பு குறைவு என்றால் எதை வெட்டுவது என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரே பெட்டி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் ஆயுள். டிஜிடிசைன் 002, 003, டாஸ்காம் எஃப்டபிள்யூ-1884 எல்லாம் ஒரு காலத்தில் ஆசைப்பட வைத்த பெட்டிகள். மோட்டார் ஃபேடர்களும் மைக் ப்ரீஆம்ப்களும் ஒன்றாக, ஃபயர்வயர் கேபிளில் கணினியோடு பேசும். ஃபயர்வயர் துளை கணினிகளிலிருந்து மறைந்தது, டிரைவர்கள், அதாவது சாதனத்தைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்கள், புதுப்பிக்கப்படாமல் நின்றன. பல பெட்டிகளில் ஃபேடர்கள் இன்னும் நன்றாகவே ஓடும், ஆனால் அவற்றைச் செருக இடமில்லை. தனித்தனியாக இருந்தால் ஒன்று காலாவதியானாலும் மற்றது பிழைக்கும். கன்ட்ரோல் சர்ஃபேஸ் பெரும்பாலும் சாதாரண மிடி சாதனம் (மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் செய்தி பரிமாறும் பொது முறை). யுஎஸ்பியில் செருகினால் பத்து வருடம் கழித்தும் கணினி அதை அடையாளம் கண்டுகொள்ளும். சிக்கல் தருவது பெரும்பாலும் இன்டர்ஃபேஸின் டிரைவர்தான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் வெளியே போய்க் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவராகவும் இருந்தால் பெரிங்கர் எக்ஸ்32 போன்ற டிஜிட்டல் மிக்சர் நியாயமான செலவு. யுஎஸ்பியில் 32 சேனல் தரும், அதன் மோட்டார் ஃபேடர்களை வைத்து ரெக்கார்டிங் மென்பொருளையும் இயக்கலாம். வீட்டில் மூன்று பேருக்கு அது அநாவசியம்.

சரி, இன்டர்ஃபேஸுக்கு வருவோம். முதல் கேள்வி ஒரே நேரத்தில் எத்தனை மைக் என்பதுதான். பிராண்ட் எது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஒவ்வொருவராகப் பதிவு செய்து அடுக்குவீர்கள் என்றால் இரண்டு ப்ரீஆம்ப் தாராளம்: குரலுக்கு ஒன்று போதும், மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று. ஆனால் நிரவல், கல்பனாஸ்வரம் என்று ஒருவரை ஒருவர் பார்த்து வாசிக்கிற விஷயத்தை அடுக்கி அடுக்கிப் பதிவு செய்தால் சொற்கட்டு சரியாக விழும், உயிர் இருக்காது. மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் குரலுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, ஆக நாலு. உங்கள் வீட்டுச் சூழலுக்கு நாலு என்று நான் சொன்னது இதனால்தான்.

பெட்டியின் பெயரில் இருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ8 மூன்றாம் தலைமுறையில் 18 உள்ளீடு என்று போட்டிருக்கும். மைக் செருகக்கூடியது நாலுதான். மீதியில் நாலு லைன் (கீபோர்டு போன்றவற்றுக்கு), இரண்டு எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் இணைப்பு வழி, எட்டு ஏடாட் என்ற ஒளிக்கேபிள் வழி. மோட்டூ எம்4 என்றால் நாலு உள்ளீடு, ஆனால் மைக் ப்ரீஆம்ப் இரண்டுதான். ஆடியண்ட் ஈவோ 8, பெரிங்கர் யுஎம்சி404எச்டி இரண்டிலும் நாலு ப்ரீஆம்ப் உண்டு. பணம் இறுக்கமாக இருந்தால் யுஎம்சி404எச்டி. கொஞ்சம் கூடுதலாகப் போகலாம் என்றால் ஈவோ 8. பின்னதில் பாடச் சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் கெயினை, அதாவது மைக் ஒலியை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை, தானே அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வீணையை மடியில் வைத்துக்கொண்டு தானே ரெக்கார்டிஸ்டாகவும் இருக்க வேண்டியவருக்கு அது விளையாட்டு வசதி இல்லை.

ஏடாட் பற்றி ஒரு வார்த்தை. பின்னால் ஆட்கள் கூடலாம், வயலின், கடம் சேரலாம் என்றால் ஏடாட் உள்ளீடு இருக்கிற இன்டர்ஃபேஸைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் (ஒலியை நொடிக்கு 48,000 தடவை அளப்பது) ஓர் ஒளிக்கேபிளில் எட்டு சேனல் வரும். பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு ப்ரீஆம்ப் பெட்டியை அப்புறமாக அதில் மாட்டிக்கொள்ளலாம், இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டியதில்லை.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் 192 கிலோஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். 24 பிட்டின் கணித எல்லை 144 டெசிபல்; எந்த இன்டர்ஃபேஸும் அந்த எல்லையைத் தொடுவதில்லை, உங்கள் அறை அதன் பக்கத்தில்கூட வராது. இதில் கிடைக்கும் நடைமுறை லாபம், அளவை உச்சத்துக்குத் தள்ள வேண்டியதில்லை என்பது. மிருதங்கத்தில் ஒரு அழுத்தமான சாப்பு விழுந்தால் மீட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் எகிறும். உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கிற மாதிரி கெயினை வைத்தால் போதும், பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

ப்ரீஆம்ப் இரைச்சலைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளில் நேரத்தை விடாதீர்கள். 150 ஓம் மைக் ஒன்றின் இரைச்சலுக்கு இயற்பியல் விதித்த அடிமட்டம் சுமார் மைனஸ் 131 டிபியு (மின் அளவை டெசிபலில் சொல்லும் அலகு; எண் கீழே போகப் போக இரைச்சல் குறைவு). இன்றைய நல்ல இன்டர்ஃபேஸ்கள் பலவும் மைனஸ் 127, 128 என்று அதற்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. ரோட் என்டி1 மைக்கின் சொந்த இரைச்சல் சுமார் 4.5 டெசிபல். ஊர் அடங்கிய பிறகும் சாதாரண வீட்டு அறையொன்று 30 டெசிபலுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். சீலிங் ஃபேன் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஆகவே இரைச்சலைக் குறைக்க முதல் செலவு ஜன்னல் இடுக்குகளுக்கும் கனமான திரைக்கும். ப்ரீஆம்பை மாற்றுவது அதற்கெல்லாம் பிறகு.

இரைச்சலைவிடக் கவனிக்க வேண்டியது கெயின் எவ்வளவு கிடைக்கிறது என்பது. ஷூர் எஸ்எம்7பி மைக்கை எல்லோரும் வாங்குகிறார்கள் என்று நீங்களும் வாங்கினால், அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் கிடைத்தது 56 டெசிபல். 2023இல் வந்த நான்காம் தலைமுறையில் 69 ஆக்கினார்கள். வாயை ஒட்டிப் பேசுகிற அறிவிப்பாளருக்கு வந்த மைக் அது. ஒரு அடி தள்ளி உட்கார்ந்து மந்திர ஸ்தாயியில் முனகி, தார ஸ்தாயியில் திறந்து பாடுகிற குரலுக்கு மெல்லிய ஒலியையும் பிடிக்கிற கண்டென்சர் வகை மைக் பொருத்தம், அதற்கு அவ்வளவு கெயினும் வேண்டாம். கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் 48 வோல்ட் மின்சாரம், ஃபான்டம் பவர், வேண்டும்; ஏறக்குறைய எல்லா இன்டர்ஃபேஸிலும் இருக்கிறது. உங்கள் வீணையில் காண்டாக்ட் பிக்கப் (மரத்தின் அதிர்வை நேரே எடுக்கும் பியெசோ வில்லை) ஒட்டியிருந்தால் அதைச் சாதாரண லைன் உள்ளீட்டில் செருகாதீர்கள், ஒலி மெலிந்து தகரம் மாதிரி வரும். இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த உள்ளீடு வேண்டும். அதன் மின்தடை சுமார் 1 மெகாஓம், பியெசோ பிக்கப்புக்கு அதுதான் ஒத்துப்போகும். இருந்தாலும் வீணைக்கு நல்ல மைக்தான் என் ஓட்டு. பிக்கப்பில் வரும் வீணை, வீணை மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது டிரைவர். விண்டோஸில் இருப்பதால் உங்களுக்கு இதுதான் தலையாய விஷயம். தயாரிப்பாளரே எழுதிய ஆசியோ டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டைன்பர்க் 1997இல் கொண்டுவந்த முறை அது, விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு போகும். மிகவும் மலிவான சில பெட்டிகளில் சொந்த டிரைவர் கிடையாது, ஆசியோ4ஆல் என்ற பொதுப் போர்வையைப் போர்த்திக்கொள்ளச் சொல்வார்கள். ஓடும், ஆனால் தாமதம் கூடும், சொடக்குச் சத்தம் வரும். மேக் என்றால் கோர் ஆடியோ இதைப் பார்த்துக்கொள்ளும், கவலை குறைவு.

தாமதத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டு, 128 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். 256 என்றால் 5.3. போய் வர இரட்டிப்பு, அதற்கு மேல் டிரைவரும் ஒலியை எண்ணாக்கும் மாற்றிகளும் எடுத்துக்கொள்வது கொஞ்சம். 10 மில்லிசெகண்டில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் போகும். மேடையில் மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரோடு யாரும் தாளம் தவறுவதில்லை. அப்படியென்றால் பிரச்சனை எங்கே? பாடுகிறவருக்கு. தன் குரல் மண்டையோட்டு வழியாக உடனேயே காதுக்கு வந்துவிடுகிறது. ஹெட்ஃபோனில் அதே குரல் சில மில்லிசெகண்ட் பிந்தி வந்து அதோடு மோதும்போது குழாய்க்குள் பாடுகிற மாதிரி இருக்கும். சுருதி நிற்கவில்லை என்று பாடகர் சொன்னால், பல நேரம் குற்றவாளி இதுதான். இதற்காகத்தான் டைரக்ட் மானிட்டரிங்: குரல் கணினிக்குப் போகாமல் இன்டர்ஃபேஸுக்குள்ளேயே திரும்பி ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். அந்த வசதி இருப்பதோடு, மைக் ஒலிக்கும் கணினி ஒலிக்கும் எவ்வளவு பங்கு என்று தனியாக ஏற்றி இறக்க முடிகிறதா என்றும் பாருங்கள். குறை ஒன்று உண்டு, ரிவெர்ப் (பெரிய மண்டபத்தில் பாடுவது போன்ற அதிர்வொலி) இல்லாமல் வறண்ட குரலாகக் கேட்கும். அது பிடிக்காத பாடகர்கள் நிறைய. ரீப்பரில் குரல் ட்ராக்கிலிருந்து ரிவெர்ப் மட்டும் ஹெட்ஃபோனுக்குப் போகிற மாதிரி அமைத்துக்கொள்ளலாம். ரிவெர்ப் பத்து மில்லிசெகண்ட் பிந்தி வந்தால் யாருக்கும் உறுத்தாது.

ஹெட்ஃபோன் துளைகளையும் எண்ணுங்கள். மூன்று பேர், இரண்டு துளை என்றால் பெரிங்கர் எச்ஏ400 போன்ற நாலுவழி ஹெட்ஃபோன் ஆம்ப் சின்னதாக ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். சுருதிப் பெட்டியை அறையில் ஓடவிடாமல் ஒரு ட்ராக்காக வைத்து எல்லோருக்கும் ஹெட்ஃபோனில் கொடுங்கள். மைக்கில் ஏறிய சுருதியைப் பின்னால் இறக்க வழியில்லை.

மின்சாரம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் ஒரு ரீங்காரம் நிற்கிறது என்றால் இன்டர்ஃபேஸைக் குறை சொல்லாதீர்கள், எர்த் பிரச்சனை. எர்த் சரியாக உள்ள மூன்று பின் பிளக்கிலிருந்து எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் எடுங்கள், ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு (வெளி இரைச்சலைத் தள்ளும்) கேபிள் போடுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால் கரண்ட் போன நேரத்தில் பதிவு செய்ய வேண்டாம். யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸை ஹப் வழியாக மாட்டாமல் லேப்டாப்பில் நேராக மாட்டுங்கள்.

இனி ஃபேடர். கன்ட்ரோல் சர்ஃபேஸே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். கர்நாடகக் குரலை மிக்ஸ் செய்யும்போது அது நிஜமாகவே உதவும். ஒரே சங்கதியில் குரல் கிசுகிசுப்பிலிருந்து முழுத் திறப்புக்குப் போகும். கம்ப்ரசரை (சத்தமான இடங்களைத் தானே அமுக்கும் கருவி) இறுக்கிப் பிடித்து அதைச் சமப்படுத்தினால் கமகத்தின் ஏற்ற இறக்கமே தட்டையாகிவிடும், மூச்சுச் சத்தம் முன்னால் வரும். பாட்டைக் கேட்டுக்கொண்டே விரலால் குரலை ஏற்றி இறக்குவதுதான் பழைய வழி, நல்ல வழி. மௌஸில் இதைச் செய்யலாம், ஆனால் கண் திரையில் போய் நின்றுவிடும், காது பின்வாங்கிவிடும்.

இதற்குத் தேவையானவை இரண்டு: மோட்டார், தொடு உணர்வு. நீங்கள் முதல் தடவை ஏற்றி இறக்கியதை ரீப்பர் ஆட்டோமேஷனாக எழுதிக்கொள்கிறது. இரண்டாம் தடவை ஓடவிட்டால் ஃபேடர் தானே அதேபோல் நகரும். ஓரிடத்தில் மட்டும் குறைக்கத் தோன்றினால் விரலை வைக்கிறீர்கள், மோட்டார் விட்டுக்கொடுக்கிறது. எடுத்ததும் பழைய பாதைக்குத் திரும்புகிறது. டச் என்ற ஆட்டோமேஷன் முறை இதுதான். மோட்டார் இல்லாத கோர்க் நானோகன்ட்ரோல்2 போன்றவற்றில் ஃபேடர் ஓரிடத்தில் இருக்கும், மென்பொருளில் அளவு வேறிடத்தில் இருக்கும், தொட்டவுடன் குதிக்கும் அல்லது சந்திக்கும்வரை ஒன்றும் நடக்காது. பிளகின் (மென்பொருளில் சேர்க்கும் ஒலிக் கருவி) குமிழ்களைத் திருக அது நல்ல பெட்டி; குரலுக்குக் கை வைக்க உதவாது. இன்னொன்றும் உண்டு: சாதாரண மிடி கன்ட்ரோல் செய்தியில் 0 முதல் 127 வரை 128 படிகள்தான். கன்ட்ரோல் சர்ஃபேஸ்களுக்கான மேக்கி கன்ட்ரோல் முறையில் ஃபேடர் நிலை பிட்ச் பென்ட் செய்தியாகப் போகிறது, படிகள் பல மடங்கு நுணுக்கம். மெதுவாக இறக்கும்போது இந்த வித்தியாசம் காதில் விழும்.

அதனால் வாங்கும்போது மேக்கி கன்ட்ரோல் முறை இருக்கிறதா என்று கேளுங்கள். எம்சியு என்றும் போட்டிருப்பார்கள். ரீப்பரின் அமைப்புகளிலேயே அதற்கு இடம் உண்டு. பொத்தான்களை இன்னும் நுட்பமாக நம் விருப்பத்துக்கு மாற்ற சிஎஸ்ஐ என்ற இலவச நீட்சியும் கிடைக்கிறது. ஒற்றை ஃபேடரில் இரண்டு பெயர்கள்: ப்ரீசோனஸ் ஃபேடர்போர்ட், பெரிங்கர் எக்ஸ்-டச் ஒன். இரண்டிலும் 100 மில்லிமீட்டர் நீள மோட்டார் ஃபேடர். ஸ்டூடியோ ஒன் மென்பொருளில் வேலை செய்கிறவர் என்றால் யோசிக்காமல் ஃபேடர்போர்ட். ரீப்பருக்கு எனக்கு எக்ஸ்-டச் ஒன் பிடிக்கும், ட்ராக் பெயர் சின்னத் திரையில் தெரிவது ஒரு சௌகரியம்.

எட்டு ஏன் வேண்டாம்? நீங்கள் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பதிவு செய்யப் போகிறீர்கள். குரல் மைக்கில் மிருதங்கம் கேட்கும், வீணை மைக்கில் எல்லாமே கேட்கும். குரலை 4 டெசிபல் ஏற்றினால் கூடவே மிருதங்கமும் ஏறும், அதன் ஒலிநிறமும் மாறும். இப்படிப் பிணைந்த ட்ராக்குகளை எட்டு விரலால் ஒரே நேரத்தில் ஆட்டுவதில் பயன் இல்லை. நடைமுறையில் குரல் ஒன்றைத்தான் தொடர்ந்து கையில் வைத்திருப்பீர்கள். மற்றவை ஒருமுறை அமைத்தால் அப்படியே நிற்கும். தனித்தனியாக அடுக்கி, கீபோர்டு, கோரஸ், நாற்பது ட்ராக் என்று போகிற சினிமா பாணி வேலை என்றால் எட்டு ஃபேடரின் கதை வேறு.

பதிவு செய்யும் நேரத்துக்கு மட்டும் தொலைவிலிருந்து ரெக்கார்ட், ஸ்டாப் அழுத்த ஒரு வழி வேண்டும் என்றால் அதற்குச் செலவே இல்லை. ரீப்பரின் கன்ட்ரோல் அமைப்புகளில் வெப் இன்டர்ஃபேஸை இயக்கினால் அதே வைஃபையில் உள்ள ஃபோனின் பிரவுசரில் ப்ளே, ரெக்கார்ட் பொத்தான்களும் ட்ராக் அளவுகளும் வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: சில லேப்டாப்களில் வைஃபை ஓடும்போது ஒலியில் சொடக்கு விழும். லேட்டன்ஸிமான் என்ற இலவசக் கருவியை ஓடவிட்டால் எந்த டிரைவர் குறுக்கே நிற்கிறது என்று காட்டும். வைஃபைதான் என்று தெரிந்தால் ஃபோன் வழியை விட்டு, நீளமான கேபிள் போட்ட ஒரு எண் கீபோர்டை மைக் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பங்கிடுவது பற்றி: மொத்தத்தில் பாதியை மைக்குகளுக்கும் ஸ்டாண்டுகளுக்கும் வையுங்கள். கால்வாசி இன்டர்ஃபேஸ். மீதி ஹெட்ஃபோன், கேபிள், அறைத் திரை. ஃபேடர் பெட்டி இந்தக் கணக்கிலேயே வராது, அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 டாலர், அதையும் மறக்க வேண்டாம்.

ஃபேடர் பெட்டியைப் பழசாக வாங்கலாம், பாதகமில்லை. ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் கொடுத்தவுடன் மோட்டார் ஃபேடர்கள் பெரும்பாலும் மேலும் கீழும் ஒருமுறை ஓடி நிற்கும். வழியில் தயங்குகிறதா, உரசுகிற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மென்பொருளோடு இணைத்து ஓர் ஆட்டோமேஷனை ஓடவிட்டு, நகரும்போது விரல் வைத்தால் விடுகிறதா என்று பாருங்கள். விடாமல் விரலோடு மல்லுக்கட்டினால் தொடு உணர்வு போய்விட்டது, என்ன விலை சொன்னாலும் வேண்டாம். கடற்கரை ஊரில் உப்புக் காற்று பட்ட பெட்டி என்றால் ஃபேடர் சும்மா நிற்கும்போதே நடுங்கலாம். வாங்கிய பிறகு, வேலை முடிந்ததும் மேலே ஒரு துணி போர்த்திவிடுங்கள். ஃபேடரின் பிளவுக்குள் போன தூசியை எடுப்பது பெரும் தொல்லை.